வெந்நீருக்கு வழி

டிசம்பர் பிறந்துவிட்டால் டில்லியில் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மீன் கடைகளில் ஐஸ் கட்டிக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள். காய்கறிக் கடைகளில் ஈரச் சாக்கை உதறி முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் எடுத்துப் போடுகிறார்கள். விரல் நுனி மரத்துப்போகிறது.

இந்த மார்க்கெட் டில்லித் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். நம் ஊர்க் காய், மீன், கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய் எல்லாம் கிடைக்கும். எதிரே 1994-ல் திறந்த டில்லி ஹாட் இருக்கிறது. 2010-ல் மெட்ரோ ரயில் நிலையமும் வந்தது. கொஞ்ச தூரத்தில் கோட்லா முபாரக்பூர். அது பழைய கிராமம். நகரம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. குறுகலான சந்துகள். ஒட்டி ஒட்டி வீடுகள். குழாய், ஒயர், டைல்ஸ் விற்கும் கடைகளும் அங்கே உண்டு.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அங்கே நிறைய. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். பல வருடமாகப் பணம் சேர்த்து இப்போது வீட்டைப் பழுது பார்க்கிறார்கள். கொத்தனார் வந்துவிட்டார். பழைய டைல்ஸை உடைக்கத் தொடங்கிவிட்டார்.

"சுவர் வேலை முடியட்டும். அப்புறம் கடைக்குப் போய் ஒரு கீஸர் வாங்கி மாட்டிடலாம்" என்கிறார் கணவர்.

"அப்போ குழாய் எந்தப் பக்கம் வரும்? ஒயர் எந்தப் பக்கம் வரும்? புது டைல்ஸை மறுபடியும் உடைப்பீங்களா?" என்கிறார் மனைவி.

மனைவி சொல்வதுதான் சரி. கீஸரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கடை ஓடிப்போகாது. ஆனால் குழாய், ஒயர், காற்றுப் போகும் வழி ஆகிய மூன்றையும் சுவர் திறந்திருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதை மறந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு வெந்நீர் வேண்டும்?

முதலில் கணக்கு. ஒரு ஆள் குளிக்க ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். கை பொறுக்கும் சூடு சுமார் 40 டிகிரி. ஜனவரியில் டில்லியில் அதிகாலைக் குளிர் 7, 8 டிகிரி. சில நாள் 4 டிகிரிக்கும் கீழே போகும். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டும். ஒரு வாளிக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 3 யூனிட். பாத்திரம் கழுவுவது, வீணாகும் சூடு இவற்றையும் சேர்த்தால் மாதம் 100 யூனிட் பக்கம் வந்துவிடும்.

இது சின்ன விஷயம் அல்ல. 2019-ல் டில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. அப்படிப்பட்ட எல்லை இருக்கும் ஊரில் குளிர்காலத்து வெந்நீர் மட்டுமே பாதியைத் தின்றுவிடுகிறது.

சென்னையில் இருக்கும் அண்ணன் போனில் சொல்கிறார்: "3 லிட்டர் கீஸர் போதும். எங்க வீட்டில் அதுதான். ஸ்விட்ச் போட்டதும் சுடுதண்ணி கொட்டுது." அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் சென்னையில் ஜனவரியிலும் தண்ணீர் 25 டிகிரி இருக்கும். கொஞ்சம் சூடேற்றினால் போதும். 3 லிட்டர் கீஸர் தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை, ஓடும்போதே சூடாக்குகிறது. 3000 வாட் கீஸர் சென்னையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் வெந்நீர் தரும். அதே கீஸர் டில்லிக் குளிரில் 2 லிட்டர்கூடத் தராது. ஒரு வாளி நிரம்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். குழாயை வேகமாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். சமையலறையில் பாத்திரம் கழுவ அது சரி. குளியலறைக்குப் போதாது.

குளியலறைக்குத் தொட்டி உள்ள கீஸர் வேண்டும். 15 லிட்டர் கீஸரில் தண்ணீரை 60 டிகிரி சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் 27 லிட்டர் குளிக்கிற தண்ணீர் கிடைக்கும். ஒருவர் குளித்த பின் அடுத்தவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். 25 லிட்டர் கீஸரில் 45 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்கலாம். காலையில் பள்ளிக்கூடம், கடை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டுக்கு 25 லிட்டர் நல்லது. ஒவ்வொருவராகச் சாவகாசமாகக் குளிக்கும் வீட்டுக்கு 15 போதும். பெரியதை வாங்கி நாள் முழுவதும் ஸ்விட்சைப் போட்டு வைப்பதுதான் வீண் செலவு.

கீஸரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எழுத்து இங்கிலீஷில் இருக்கலாம். ஆனால் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரங்களை எண்ணுங்கள். நட்சத்திரம் அதிகம் என்றால் வெந்நீர் சீக்கிரம் ஆறாது, மின்சாரம் மிச்சம்.

குழாயும் ஒயரும்

பழைய வீடுகளில் இரும்புக் குழாய் இருக்கும். உள்ளே துரு பிடித்து ஓட்டை சுருங்கிப் போயிருக்கும். அதை மாற்றும்போது சிலர் பணம் மிச்சம் என்று சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாயையே எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். அது பச்சைத் தண்ணீருக்கு உரியது. வெந்நீரில் இளகி, வளைந்து, இணைப்பில் கசியும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. என்ற குழாய் இருக்கிறது. அதையும் அதற்கு உரிய பசையையும் கேட்டு வாங்க வேண்டும்.

கீஸருக்கும் குழாய் வாய்க்கும் தூரம் குறைவாக இருக்கட்டும். அரை அங்குலக் குழாயில் 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். வெந்நீர் வரும் முன் அந்தப் பச்சைத் தண்ணீரைக் கீழே விட வேண்டும். குழாயை மூடிய பின் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறிப்போகும். ஒவ்வொரு முறையும் இதே கதை. கற்பனை வீட்டில் சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அந்தச் சுவரில் கீஸரை வைத்தால் இரண்டுக்கும் பக்கம். மாமியார் ராத்திரியில் கை கால் கழுவவும் சௌகரியம்.

ஆனால் சுவர் தாங்குமா? 15 லிட்டர் தண்ணீரே 15 கிலோ. கீஸரின் எடையும் சேர்ந்தால் 25 கிலோவை நெருங்கும். 25 லிட்டர் என்றால் இன்னும் அதிகம். டில்லியில் அறைகளுக்கு நடுவே நாலரை அங்குலச் சுவர்தான் பெரும்பாலும் கட்டுவார்கள். அதில் மரக்கட்டை அடித்து ஆணி வைத்தால் ஒரு நாள் பெயர்ந்து விழும். கனமான சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் மேலே பரண் தளம் போட்டு அதன் மேல் படுக்கை கீஸர் வைக்கலாம். அதையும் கொத்தனாரிடம் இப்போதே சொன்னால்தான் நடக்கும்.

கீஸர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பச்சைத் தண்ணீர் கீழ் வழியாக நுழைகிறது. வெந்நீர் மேலே மிதக்கிறது. குழாயைத் திறந்தால் கீழே நுழையும் தண்ணீர் மேலே உள்ள வெந்நீரைத் தள்ளிவிடுகிறது. மொட்டை மாடித் தொட்டி காலியானால் வெந்நீரும் நின்றுவிடும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. அது கெட்டுப்போனால் அழுத்தத்தை வெளியே விட ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. சில நேரம் அந்த வால்வு சொட்டுச் சொட்டாக ஒழுகும். "டைல்ஸ் கெட்டுப்போகுது" என்று அதன் வாயை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கீஸர் வெடிக்கவும் கூடும். அதிலிருந்து ஒரு சிறு குழாயை இறக்கிச் சாக்கடைப் பக்கம் விட்டால் போதும்.

அடுத்தது ஒயர். 2000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய ஒயரில் இதை இணைத்தால் ஒயர் சூடாகி உருகும். மெயின் போர்டிலிருந்து கீஸருக்குத் தனி ஒயர் வர வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் நல்லது. 16 ஆம்பியர் பிளக். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே. ஈரக் கையோடு யாரும் அதைத் தொடக் கூடாது. தண்ணீர்க் குழாய் போகும் அதே பள்ளத்தில் ஒயரைப் புதைக்காதீர்கள்.

எர்த் ஒயரை மட்டும் யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். சிலர் சோம்பல்பட்டு பிளக்கிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விளக்கு எரியும், கீஸர் ஓடும், எல்லாம் சரி போலத் தெரியும். ஒரு நாள் நியூட்ரல் அறுந்தால் கீஸரின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்சையும் போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மின்சாரம் எங்காவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

கீஸர் வாங்கப் பணம் இல்லாத வீடுகளில் வாளிக்குள் ராடு போட்டுத் தண்ணீர் காய வைக்கிறார்கள். வழி இல்லை என்றால் அதுவும் வழிதான். ஆனால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். இரும்பு வாளி வேண்டாம். குழந்தைகள் ஓடும் இடத்தில் வாளியை வைக்க வேண்டாம்.

நெருப்பும் காற்றும்

இப்போது அந்த மூன்றாவது விஷயம்.

கணவர் ஒரு நாள் கேஸ் கீஸரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிறார். கரண்ட் செலவு இல்லை. தண்ணீர் வேகமாக வரும். விலையும் குறைவு. "குளியலறை மூலையில் மாட்டிடலாம். சிலிண்டரை வெளியே வச்சுக்கலாம்" என்கிறார்.

"கேஸ் கசிஞ்சா என்னங்க பண்றது?"

"கசிஞ்சா நாத்தம் வருமே. தெரிஞ்சுடும்."

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். அதற்காகவே அதில் வாசனைப் பொருள் கலக்கிறார்கள். ஆனால் கேஸ் கீஸரில் கசிவே இல்லாமல் ஆள் சாகலாம். எப்படி?

நெருப்பு எரியக் காற்று வேண்டும். சின்னக் குளியலறை. கதவைச் சாத்தி, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்திருக்கிறோம். உள்ளே கீஸர் எரிகிறது. கொஞ்ச நேரத்தில் காற்றில் உள்ள ஆக்சிஜன் குறைகிறது. நெருப்பு அரைகுறையாக எரிகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலை வலிக்கும், சுற்றும், குமட்டும், கால் துவளும். குளிக்கிறவர் கதவைத் திறக்க நினைப்பதற்குள் மயங்கி விழுந்துவிடுவார். வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் இப்படிப்பட்ட சாவுச் செய்தி வருகிறது. ஆகவே கேஸ் கீஸர் குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். பால்கனியிலோ, திறந்த வெளிச் சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். அங்கேயும் புகை ஜன்னல் வழியாகத் திரும்பி உள்ளே வரக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியம் கொள்வதும் தவறு. காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் ஃபேன் எதை வெளியே தள்ளும்? கதவின் கீழே ஒரு ஜாலி, மேலே ஒரு ஜாலி என்று இரண்டு வழி வேண்டும். இந்த ஜாலிகளை மின்சாரக் கீஸர் உள்ள குளியலறையிலும் வைக்கலாம். ஈரம் காயும், சுவர் பூசணம் பிடிக்காது. கற்பனை வீட்டில் பால்கனியே இல்லை. எனவே கேஸ் கீஸர் பேச்சு அத்தோடு முடிகிறது.

அறையைச் சூடாக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. டில்லியில் அங்கீட்டி என்ற கரியடுப்பைத் தெருவோரம் மூட்டிச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். திறந்த வெளியில் தீங்கு குறைவு. ராத்திரியில் அதையே அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திப் படுத்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். கரி புகையாமல் கனன்றாலும் அந்த வாயு வரும். பெரியவர்களுக்கு இது புரிவது கஷ்டம். "ஊர்ல கரி பாய்லர்லதானே வெந்நீர் போட்டோம், எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார் மாமியார். "அத்தை, அந்த பாய்லர் கொல்லையிலே இருந்தது" என்கிறார் மருமகள். அதுதான் வித்தியாசம்.

குளிர் நாடுகளில் ஒரே பாய்லரில் வெந்நீர் காய்ச்சிக் குளிக்கவும் கொடுப்பார்கள், குழாய் வழியாக அறைகளையும் சூடாக்குவார்கள். நம் நாட்டிலும் காஷ்மீரில் ஹமாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. கல் பாவிய தரை. அதன் அடியில் விறகு எரியும். செம்புத் தொட்டியில் தண்ணீர் சூடாகும், மேலே தரையும் சூடாகும், புகை தனி வழியில் வெளியே போய்விடும். டில்லி செங்கோட்டையிலும் ஷாஜகான் காலத்து ஹமாம் ஒன்று இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் கட்டியது. அடுப்புக்கு ஒரு பக்கச் சுவரில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளிக்கிறவர் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம் என்ற விவரம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இரண்டு மாதக் குளிருக்காக டில்லியில் சின்ன வீடு அவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. தெற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் குளிர்கால வெயில் உள்ளே வரும். அதை அலமாரி வைத்து அடைக்காதீர்கள். ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளைப் பூசச் சொல்லுங்கள். வயதானவர் படுக்கும் அறையில் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்று இப்போதே வைத்துவிடுங்கள். 1000 வாட் ஹீட்டர் மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடலாம். மின்சார ஹீட்டரில் அந்த விஷ வாயு வராது. ஆனால் போர்வையோ திரைச்சீலையோ அதன் மேல் படக் கூடாது.

மொட்டை மாடி

சூரிய வெந்நீர்க் கருவிக்குக் கரண்ட் செலவு குறைவு. 100 லிட்டர் கருவி சின்னக் குடும்பத்துக்குப் போதும். ஆனால் இரண்டு கேள்வி உண்டு. மொட்டை மாடி யாருடையது? டில்லியில் ஒரே கட்டடத்தில் தளத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். மாடியில் உரிமை இருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பனிமூட்டம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சில நாள் சூரியனே தெரியாது. வெந்நீர் மிகவும் தேவைப்படும் நாளும் அதுதான். எனவே கருவிக்கு மின்சாரக் காயிலும் வேண்டும். இப்போது பணம் இல்லாவிட்டாலும், மாடியிலிருந்து குளியலறை வரை ஒரு சி.பி.வி.சி. குழாயை மட்டும் இறக்கி மூடி வைக்கலாம். பின்னால் உதவும்.

போர் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சோப்பு நுரைக்கவில்லை என்றால் உப்புத் தண்ணீர். கீஸர் காயிலில் சுண்ணாம்பு போலப் படியும். அந்தப் படிவத்தைத் தாண்டிச் சூடு தண்ணீருக்குப் போகாது, யூனிட் ஏறும். கீஸருக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காப்பாற்றும். அது கரைந்து தீர்ந்த பின் தொட்டி அரிக்கும். ஆகவே அவ்வப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். 60 டிகிரித் தண்ணீரே சில நொடியில் தோலை வேகவைத்துவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றிப் பிடிக்கக் கூடாது.

குழாய் போட்டு முடிந்ததும் கொத்தனாரைப் பூச விடாதீர்கள். எல்லா வாய்களையும் அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு ராத்திரி விடச் சொல்லுங்கள். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவு இல்லை என்றால் ஒரு தாளை எடுத்துச் சுவரை வரையுங்கள். மூலையிலிருந்து எத்தனை அடியில் குழாய், எத்தனை அடியில் ஒயர் என்று அளந்து எழுதுங்கள். தேதி போடுங்கள். கீஸர் பில்லோடும் வாரண்டிச் சீட்டோடும் சேர்த்து வையுங்கள். பிறகு காலண்டர் மாட்ட யாராவது சுவரில் ஆணி அடிக்க வந்தால் முதலில் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.